திரும்பி வருகிறவர்கள் எட்டுப் பேர்

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கல்லூரி அமெரிக்கக் கால்பந்துப் பருவம் முடிந்த மறுவாரமே அடுத்த பருவத்தின் தரவரிசை பத்திரிகையில் வந்துவிட்டது. ஹார்லன் கல்லூரிக்கு ஒன்பதாம் இடம். பழைய தடுப்பாட்டக்காரர்களில் எட்டுப் பேர் அடுத்த பருவமும் ஆடத் திரும்பி வருகிறார்களாம். வீட்டில் அதைப் படித்த வெய்ன் விரல்விட்டு எண்ணினார். ஏழுதான். எட்டாவது அவர் மகன் கர்ட்டிஸ். நவம்பரில் அவனைப் புதைத்தாயிற்று.

அணியின் துணைப் பயிற்சியாளர் டேலைத் தொலைபேசியில் அழைத்தார்.

"வெறும் ஒன்பதாமே! எழுதினவனுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சாண்ணே?" என்று டேல் சிரித்தான்.

"அத விடுப்பா. எட்டுன்னு தப்பாப் போட்டிருக்காங்க."

சிரிப்பு நின்றது.

"தப்பில்லண்ணே. கர்ட்டிஸ் தினம் காலைல எடை தூக்க வர்றான். பசங்களும் பழகிட்டாங்க. உங்ககிட்ட சொல்லத்தான் யாருக்கும் துணிச்சல் வரல."

வெய்ன் பத்திரிகையை மடித்து வைத்தார்.

"என்னப் பத்திக் கேட்டானா?"



"முதல் ஆட்டம் என்னைக்குன்னு மட்டும்தான் கேக்கறாண்ணே."