குறைந்தது தண்ணீர் மட்டும்

கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, உப்பு பார்க்கும் சின்னக் குழாயின் முனையில் விட்டு, சுபைர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தான்.

துடைத்தான். இன்னொரு சொட்டு விட்டான். மறுபடி பார்த்தான்.

அவள் சமையலறை வாசலிலேயே நின்றாள்.

வளர்ப்பு மீன் கடைக்காரன். ஊருக்குப் போயிருந்தவன் நேற்றுதான் சிங்கப்பூர் திரும்பினானாம். துக்கம் விசாரிக்க வந்து, நாற்காலியில்கூட உட்காராமல் தொட்டி முன்னால் நின்றுவிட்டான்.

“தண்ணி குறைஞ்சா எதக்கா ஊத்துனீங்க?”

அவள் குளியலறை ஓரத்து நீல டிரம்மைக் காட்டினாள். கணவர் மாசிலாமணி உப்புக் கலந்து நிரப்பி வைத்துவிட்டுப் போனது.

கடலில் வளரும் பவளத்துக்குக் கடல் தண்ணீர். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மாசிலாமணி போய் இருபத்திரண்டு நாள். ஒரு நாளும் அவள் தவறவில்லை. அவரை எடுத்துப்போன காலையில்கூட, வாசல் நிறையச் செருப்புகள் கிடக்க, மூன்று செம்பு ஊற்றிவிட்டுத்தான் வந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

சுபைர் குரலைத் தாழ்த்திக்கொண்டான். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும் என்றான். குறைந்த அளவுக்கு வெறும் தண்ணீர்தான் விட வேண்டுமாம். அவள் உப்பின் மேல் உப்பாக ஊற்றியிருக்கிறாள். முப்பத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தைந்து.

அவளுக்கு இது தெரியும்.

அவர் சொன்னார். இதே இடத்தில் நின்று, இதே வார்த்தைகளில். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “ம்” என்றாள்.

கேட்கிறாயா என்றார்.

அதற்கும் “ம்” என்றாள்.

அந்தத் தொட்டியின் மேல் அவளுக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் ஊர் ஊராகப் போகலாம் என்றிருந்த மனுஷன், ஒரு பெட்டித் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஐந்து வாரம் அதில் மீன் இல்லை, செடி இல்லை. கல்லும் வெளிச்சமும்தான். தண்ணீர் பழகட்டும், அவசரப்பட்டால் எதுவும் பிழைக்காது என்பார்.

“பொண்ணு பார்க்கப் போனப்ப இவ்வளவு பொறுமை இல்லையே” என்று அவள் குத்திக்காட்டினாள். அப்போது பார்த்ததும் பிடித்துவிட்டது, இது அப்படி இல்லை என்று சிரித்தார்.

ஆறாவது வாரம் மூன்று பவளங்கள் வந்தன. ஒன்று பச்சைப் புல் மாதிரி அசைந்தது. ஒன்று காளான். ஒன்று சின்னச் சின்ன விரல்கள்.

ஏழாவது வாரம் அவர் இல்லை.

சமையலறையில் பாத்திரம் கழுவும் இடத்துக்கு அடியில் இரண்டு வெள்ளை கேன்களில் சுத்தமான தண்ணீர் வைத்திருந்தார். குடிக்க வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதில்தான் காபி போட்டுக் கொடுத்தாள். காபி நன்றாயிருக்கிறது என்றுகூட யாரோ சொன்னார்கள்.

பத்தாம் நாள் பவளங்கள் சுருங்கத் தொடங்கின. நாத்தனார் வேதவல்லிதான் முதலில் பார்த்தாள்.

“அண்ணன் போனது அதுகளுக்கும் தெரியுது பாருங்க, அண்ணி.”

அது அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று இப்போது நினைக்கக் கூசியது. சாயங்காலம் ஆட்கள் போன பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளுக்க வெளுக்க இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். யாரையும் கூப்பிட்டுக் கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் தன்னோடு சேர்ந்து அழ மூன்று பேர் இருந்தார்கள்.

மறுநாள் காலையில் எழுந்து மூன்று செம்பு உப்பை ஊற்றினாள்.

“அண்ணன் ஒண்ணும் சொல்லலையாக்கா?” என்றான் சுபைர். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை.

“சொன்னார். டிரம்ல இருந்துதான் ஊத்தச் சொன்னார்.”

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று அவளுக்கே தெரியவில்லை.

“அண்ணனா?”

அவள் தலையை ஆட்டினாள்.

கொஞ்ச நேரம் அவன் குழாயைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கடையில் மற்றவர்களுக்கெல்லாம் அண்ணன்தான் சொல்லிக்கொடுப்பார் என்றான். பிறகு, சரி, உடம்பு முடியாத நேரத்தில் மாற்றிச் சொல்லியிருப்பார் என்று தானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்தான்.

அவருக்கு உடம்பு முடியாமல் இருக்கவே இல்லை. உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்தார். அதையும் அவள் சொல்லவில்லை.

புல்லும் விரல்களும் போய்விட்டன. காளானின் அடியில் நகக்கண் அளவு பச்சை இருந்தது. அதைக் காப்பாற்றலாம் என்றான். ஒரே நாளில் உப்பைக் குறைத்தால் அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். தொட்டியிலிருந்து தினம் நான்கு செம்பு எடுத்துவிட்டு, தண்ணீர் அளவுக் கோட்டுக்கு வருகிற வரைக்கும் நல்ல தண்ணீர் விட வேண்டும். பொறுமையாக. இரண்டு வாரமாவது ஆகும்.

செருப்பைப் போட்டுக்கொண்டே, அண்ணனே இப்படி மறப்பார் என்று நினைக்கவில்லை என்று முனகினான்.

கதவைச் சாத்தினாள்.

தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

திறந்துகொண்டு தாழ்வாரத்தில் ஓடினாள். வெறுங்காலோடு. லிஃப்ட் மூடிக்கொண்டிருந்தது. சுபைர் உள்ளிருந்து கையை நீட்டித் தடுத்தான்.

“அவர் சரியாத்தான் சொன்னாரு, தம்பி. நான்தான் காது கொடுத்துக் கேக்கல.”

அவன் கையை எடுக்கவில்லை.

கதவு வந்து வந்து அவன் கையில் முட்டித் திரும்பியது. அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.