ஜெயரட்ணம் மாஸ்டரின் புது வேலை

மலாயாவில், லூபோக் சீனா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீஸில் காலை வெயில் மேசைவரை வந்து கிடக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி. இந்தப் பக்கம் கைவிலங்கோடு மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் பிச்சைமுத்து. நடுவில் ஜெயரட்ணம் மாஸ்டர் நிற்கிறார். தங்கையின் சீதனக் கடனை அடைக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே ஆங்கிலம் கற்பித்தவர். அந்தச் சம்பளம் வட்டிக்கே சரியாகப் போனதால், இந்த மாதம்தான் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு மாறியிருக்கிறார். பிச்சைமுத்துவின் மகள் கோமளா அவரிடம் படித்தவள்.

காட்டில் ஒளிந்து சண்டைபோடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்தாயா என்று அதிகாரி கேட்கிறார். ஆம் என்றால் ஆயுள் முழுக்கச் சிறை. மாஸ்டர் கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சேர்க்கிறார்: “வெருட்டித்தான் வாங்கினவை எண்டு சொல்லுங்கோ.”

“மிரட்டலெல்லாம் இல்லீங்க சார். பசின்னு நின்னாங்க, குடுத்தேன். நீங்களே தொரைகிட்ட நல்லபடியா எடுத்துச் சொல்லுங்க.”

வாசலில் நிற்கும் தமிழ்க் கான்ஸ்டபிள் திரும்பிப் பார்க்கிறான். கூரைத் தகரம் வெயிலில் சடசடக்கிறது. அதிகாரியின் பேனா காகிதத்துக்கு மேல் காத்திருக்கிறது. மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் சொல்வதுபோலவே நிறுத்தி நிதானமாக, பிழையில்லாத ஆங்கிலத்தில் அந்தப் பதிலை அப்படியே சொல்கிறார். பிச்சைமுத்து அவரைப் பார்த்து நன்றியோடு தலையாட்டுகிறார்.