பத்துக்கு எட்டு தப்பு

எல்லாரும் சௌக்கியந்தானே? சளி, இருமல் சுத்துற நேரம், வெந்நீரே குடிங்க. சரி, பொன்மணி கதைக்கு வருவோம்.

ராஜபாளையத்தில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் நிவிஷாவுக்கு, செல்போனில் ஆன்லைன் வாசிப்புப் பாடம். தினமும் பத்துக்கு எட்டு தப்பு. "பிள்ளைக்குக் கண்ணு தெரியுதான்னு பாருங்கம்மா" என்று டீச்சர் சொல்லிவிட, பயந்துபோன பொன்மணி ஸ்ரீவில்லிபுத்தூர் கண் டாக்டரிடம் காட்ட பஸ் ஏறினாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளை, கடை போர்டுகளைப் பார்த்துச் சத்தமாக வாசித்தது.

"இவ்விடம் மிளகாய், மல்லி அரைத்துத் தரப்படும்."

பொன்மணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏட்டி! இம்புட்டும் வாசிக்கத் தெரியுமா?"

"தெரியுமே!"

"பொறவு போன்ல மட்டும் ஏன் தப்புத் தப்பா அமுக்குற?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. "சரியா அமுக்குனா வெறும் கைதட்டுற சத்தந்தாம்மா வரும். தப்பா அமுக்குனாத்தான் அப்பா பேசுவாக."

பாடம் தொடங்கிய அன்று, தப்பு வந்தால் பிள்ளையைத் தேற்ற வீட்டில் ஒருவர் போனில் பேசிக் குரலைப் பதிந்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். வடநாட்டுக்கு லாரி எடுத்துக் கிளம்பும் அவசரத்தில் அவள் புருஷன்தான் பேசிவிட்டுப் போனான்: "பரவால்ல தங்கம், இன்னொருக்கா பாரு."

அவன் போய் நாற்பது நாள்.

பொன்மணி பஸ்ஸிலிருந்தே அவனுக்குப் போன் போட்டாள். "ஏங்க, வண்டிய செத்த ஓரங்கட்டுங்க. புள்ள சரியா வாசிச்சா சொல்றதுக்கும் ஒண்ணு பேசி அனுப்புங்க. நல்லா நீளமாவே பேசுங்க!"

உங்க வீட்டுப் பிள்ளைக வாசிக்கப் பழகுன கூத்தையும் எழுதிப் போடுங்க, ஒண்ணு விடாம படிப்பேன்.