மாடியில் மாட்டிய சாட்சி

“நான் தெரிந்துகொள்ளப்பட்டவன்! உலகம் உண்டாகிறதுக்கு முன்னாடியே கர்த்தர் என்னைத் தேர்ந்தெடுத்து என் பேரைக் குறிச்சாச்சு!”

குரல் உயரத்திலிருந்து வந்தது. தெருவில் பால் கேனோடு போய்க்கொண்டிருந்தவர் சைக்கிளை நிறுத்தி, எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பைக் கழற்றினார். அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தார். மொட்டைமாடியில் கொத்தனார் நின்றுகொண்டிருந்தார், தலையில் துண்டு, முழங்கை வரைக்கும் சிமெண்ட். பால்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஊருக்கெல்லாம் படி கட்டிக் கொடுக்கிற கொத்தனார், தன் வீட்டு மாடிக்கு மட்டும் படி கட்டவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து “அடுத்த மாசம்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏறி இறங்க ஓர் ஏணிதான். தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்று மனைவி நச்சரித்து நச்சரித்து, இன்றைக்குக் காலையில் ஏறினார். தொட்டிக்குள் தலையை விட்டுப் பூசி முடித்து வெளியே எடுத்தால், வாசல் பக்கம் சாத்தியிருந்த ஏணியைக் காணோம்.

“ஏணி எங்கடி?”

கீழே துணி அலசிக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. “உங்களைத்தான் தெரிந்துகொண்டாச்சே. உங்களுக்கு எதுக்குங்க ஏணி?”

விஷயம் இதுதான். சபைக்குப் புதிதாக வந்த போதகர் கிருபையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். மனுஷன் செய்கிற எந்தக் கிரியையாலும், எந்த நல்ல செயலாலும், இரட்சிப்பு கிடைக்காது, அது சும்மா கொடுக்கப்படுவது என்றார். அது கொத்தனார் மனசில் நல்ல கலவைபோல இறுகிவிட்டது. அன்றையிலிருந்து சாப்பிட்ட தட்டைக்கூட அவர் எடுப்பதில்லை. கேட்டால், “கிரியை செஞ்சு என்ன ஆகப்போகுது?” என்பார்.

அந்தக் கிருபையைப் பற்றி இன்றைக்குச் சபையில் எழுந்து சாட்சி சொல்லப்போகிறார். முதல் தடவை. அதற்காகவே தைத்த சட்டை கீழே கொடியில் தொங்குகிறது. மூன்றாவது மணி அடிக்கும்போது ஆள் இல்லாவிட்டால் பெயிண்டர் எழுந்து சொல்லிவிடுவான். பெயிண்டர் அதற்கென்றே முன்வரிசையில் உட்காருகிறவன்.

மணி அடித்தது.

“அடியே, முதல் மணி!”

“கேட்டுச்சுங்க. அடுப்புல வேலை இருக்கு, வர்றேன்.” மனைவி உள்ளே போய்விட்டாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் வெளியே வந்தார். கழுத்தில் அளவு நாடா.

“என்ன கொத்தனாரே, பரலோகத்துக்குப் பாதி தூரம் போயிட்டீங்க போல?”

“உங்க வீட்டுல ஏணி இருக்கா?”

“ஸ்டூல் இருக்கு. தூக்கிப் போடட்டுமா?”

கொத்தனாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டதே. கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்து, தெருப்பக்கம் தொங்கியபடி, சாட்சி முழுவதையும் தையல்காரருக்கு ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

“நம்மால ஆகாது, அதுதான் விஷயம். நாம ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டாம். அது பாட்டுக்கு வரும்.”

“அப்ப உக்காந்திருங்க, வரும்,” என்று தையல்காரர் உள்ளே போய்விட்டார்.

பேசிப் பேசி நாக்கு வறண்டுவிட்டது. கொத்தனார் தொட்டி ஓரத்தில் இருந்த டம்ளரை எடுத்து, ஊதி ஊதி ஒரு வாய் குடித்தார். கீழே மனைவி மறுபடியும் துணி வாளிக்கு வந்திருந்தாள்.

“டீயில சர்க்கரையே இல்ல!”

“அடியில கிடக்கு. கலக்குறது கிரியையாச்சேன்னு விட்டுட்டேன்.”

இரண்டாவது மணி அடித்தது. கொத்தனார் இறங்கி வந்தார், மாடியிலிருந்து இல்லை, பேச்சில்.

“சரி, தட்டு கழுவுறேன்.”

“அது கிரியை.”

“ஒரு மாசம் முழுக்கக் கழுவுறேன்.”

“அது ஒரு மாசக் கிரியை.”

“உங்க அம்மா வந்தா இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்கன்னு நானே என் வாயால சொல்றேன்.”

மனைவி கையிலிருந்த சட்டையைப் பிழியாமல் கொஞ்ச நேரம் யோசித்தாள். “பெரிய கிரியைதாங்க. ஆனாலும் செல்லாது.”

“படி கட்டுறேன்டி! அடுத்த மாசம்!”

“அது கிரியை இல்ல, பொய்.”

அந்த நேரம் பார்த்துப் பெயிண்டர் தெருவில் வந்தான். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மடிப்புக் கலையாத சட்டை. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தவன், மேலே பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனான்.

கொத்தனார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காலையில் தெருவையே நிறுத்திய குரல் இப்போது கைப்பிடிச் சுவரைத் தாண்டவே சிரமப்பட்டது.

“என்கிட்ட குடுக்க ஒண்ணுமே இல்லம்மா. நீயா பாத்து இறக்கி விட்டாத்தான் உண்டு.”

மனைவி துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

“ஏணி பின்பக்கம் சாத்தியிருக்குங்க. தொட்டிக்குப் பின்னாடி.”

“எப்ப வெச்ச?”

“நீங்க கத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. வாசல்ல போக வர இடைஞ்சலா இருந்துச்சு, மாத்தி வெச்சேன்.”

“சும்மா சொல்லாத! அங்க ஏணி இருந்திருந்தா எனக்குத் தெரியாமலா போகும்?”

மனைவி முதல் தடவையாக நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

“அப்ப நீங்க குடிச்ச டீ என்ன, பறந்தா வந்துச்சு?”