படகுத்துறைப் பாதை

பழவேற்காட்டுக் கோட்டை வாசலிலிருந்து படகுத்துறை வரை பழைய பாதையைப் பெயர்த்துவிட்டுப் புதுக்கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். கல் இடுக்கில் துருத்திய சிப்பித் துண்டுகளைப் பச்சையம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தாள்.

"இன்னாம்மா இது, அரிசியில கல்லு பொறுக்குற மாதிரி?" என்றார் மேஸ்திரி அமீர் ஜான். "ஒல்லாந்துத் துரைங்க காலுல செருப்பு இருக்குது. சிப்பி குத்திடுமா?"

"வெறுங்காலோடயும் வருவாங்க பாய்."

"யாரு, நீயா?"

அவள் கடைசிக் கல்லையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மறுநாள் காலை கோட்டைக் கதவு திறந்தது. கடலுக்கு அப்பாலுள்ள பத்தாவியாவுக்குக் கப்பலேறப் போகும் அடிமைகளைக் கயிற்றில் கட்டி வரிசையாக நடத்திவந்தார்கள். பஞ்சத்தில் பச்சையம்மா அரிசிக்கு விற்ற மகளும் வந்தாள்.

பச்சையம்மா மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைத்தான் பார்த்தாள். பாதை முடியும்வரை ரத்தம் வரவில்லை.