இன்வர்கேல் ஊர்ப் பலகை

"எங்கப்பாவைப் புதைச்ச அன்னிக்குக்கூட நீ இங்கதானே நின்ன! தங்கப் பெயின்ட் டப்பாவும் கையுமா!"

மோரக் கத்திய கத்தலில் இன்வர்கேல் நகரமன்றப் படிக்கட்டே அதிர்ந்தது. கயிறு கட்டிய மெத்தைச் சுருள் ஒன்றை இழுத்துக்கொண்டு மாடிக் குடியிருப்பிலிருந்து இறங்கினாள்.

"மெதுவாப் பேசுடி. ஆளுங்க வந்திருக்காங்க" என்று பல்லைக் கடித்தான் அவள் கணவன் டூகல். மன்றத்தின் காவலாளி; அங்குள்ள பலகைக்குத் தங்க வண்ணம் பூசிப் பராமரிப்பவனும் அவன்தான்.

"கேக்கட்டுமே! நீ கட்டிக்கிட்டது என்னையா, இந்தக் கட்டடத்தையா?"

குறுகலான படியில், இரண்டு ஆட்களோடு மேலே ஏற முடியாமல் நின்றார் அதிகாரி பிரிங்கிள். அன்றோடு ஊர் மன்றம் கலைந்து பெரிய மாவட்டத்தோடு சேர்கிறது. மாடிக் கூடத்தில் மாட்டியிருந்த ஊர்ச் சின்னப் பலகையை எடுத்துப் போக வந்திருந்தார்.

அரசரின் கிரீடமும் வாளும் செங்கோலும் தீட்டிய பலகை அது. ஒரு காலத்தில் பகைப்படையின் கண்ணில் படாமல் அவற்றை ஒளித்துக் காத்த ஊருக்கு அதுதான் பெருமை. 'கொடுக்க மாட்டோம்' என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, கொஞ்சம் வழி விடுங்க."

"சும்மா நிக்காம ஒரு கை பிடிங்க! நான் போய்த் தொலையறேன்."

சண்டை முடிந்தால் போதும் என்று பிரிங்கிள் ஒரு முனையைத் தூக்கினார். "அப்பாடி! மெத்தையா மரமா இது?"

"இந்த ஆளு படுத்துப் படுத்து இறுகிப்போச்சு!"

ஆட்கள் சிரித்தபடி மெத்தையை மோரக்கின் கார் கூரைமேல் ஏற்றிக் கட்டினார்கள். அவள் ஓட்டும் இருக்கையில் ஏறினாள். "மோரக், நில்லு!" என்று ஓடிவந்த டூகல் அவள் பக்கத்து சீட்டில் தாவி ஏறினான். கார் சீறிக் கிளம்பியது.

மீன் துறையைத் தாண்டி, தேவாலயத்தின் பின்வாசலில் நின்றது. பாதிரியார் நிலவறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். டூகல் தொடையில் அடித்துச் சிரித்தான்.

"அந்த அதிகாரியே தூக்கி வச்சுக் கட்டிக் கொடுத்துட்டானே! மெத்தைக்குள்ள பலகையோட கிரீடத்துல கீறல் விழாம சுத்தினேல்ல? ஆனா என்னமா நடிச்சே மோரக்! கண்ணுல தண்ணி வேற!"

மோரக் இன்ஜினை அணைக்கவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை.

"பலகையோட நீயும் இறங்கிக்கோ."