மாஸ்டர் தடவிய பசை

பல் தேய்க்கும்போதுகூட இவன் இவ்வளவு பிதுக்கியதில்லையே என்று நினைத்தாள் நெரிசா.

மேசை விளக்கை இழுத்துவிட்டு, பக்கவாட்டுத் தகடு கழற்றிக் கிடந்த கணினிக்குள் குனிந்தாள்.

தெர்மல் பேஸ்ட் என்பது கணினியின் மூளையான புராஸசரின் முதுகில் ஒரு பயறளவு வைக்க வேண்டியது. மேலே வந்து உட்காரும் கூலர் அதை நசுக்கிப் பரப்பிக்கொள்ளும். அந்த வழியாகச் சூடு வெளியேறும். அவ்வளவுதான்.

ரோடெல் அதைப் புராஸசருக்கு அடியில் வைத்திருந்தான்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட மயிரிழைக் கம்பிகள் நிற்கும் சாக்கெட்டுக்குள், ஒரு குழாய் முழுவதையும். கேக்கின் மேல் க்ரீம் தடவுகிறவனைப் போல, ஓரம்கூட விடாமல்.

அதோடு விட்டானா? டிஷ்யூவால் துடைத்தான். டிஷ்யூ கம்பிகளில் மாட்டிக் கிழிந்தது. உடனே வாசலில் கை துடைக்க வைத்திருக்கும் ஆல்கஹாலை எடுத்து ஊற்றினான். தோலை மிருதுவாக்கும் கற்றாழை கலந்தது. சாக்கெட் இப்போது நல்ல மணமாக இருந்தது.

இதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு செய்திருந்தால் பரவாயில்லை. நேற்று மாலை நேரலையில் நடந்தது. நாலாயிரம் பேர் பார்த்தார்கள்.

மாஸ்டர் ரோடெலின் சேனலில் மூன்று வருடங்களாக எல்லாமே பதிவு செய்து வெட்டி ஒட்டியவைதான். முதலில் அவன் முகம், பேச்சு. பிறகு கேமரா மேசைக்கு இறங்கும். திருகாணி, ஒயர், வேலை. திடீரென்று நேரலையில் இறங்கலாம் என்று அவனுக்கு நேற்றுத்தான் தோன்றியது. நெரிசா அப்போது புலாகானில், அக்கா குழந்தையின் ஞானஸ்நான விருந்தில் பன்சிட் நூடுல்ஸ் பரிமாறிக்கொண்டிருந்தாள். அக்கா கணவர்தான் போனை நீட்டினார்.

"இங்க பாரும்மா, உன் புருஷன் கம்ப்யூட்டருக்கு ஃபேஷியல் பண்றான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டோமோ என்று காலையில் பேருந்தில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தாள். இல்லை என்றே தோன்றியது.

இப்போது ரோடெல் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, வந்திருந்த கருத்துகளை வாசித்துக்கொண்டிருந்தான்.

"'மாஸ்டர், எங்க வீட்டு ரொட்டிக்கும் வெண்ணெய் தடவ வாங்க'ங்கறான் ஒருத்தன். 'நேத்து வந்தது மாஸ்டரா, மாஸ்டரோட தம்பியா?'ங்கறான் இன்னொருத்தன். திருகாணி பிடிக்கவே என்கிட்டதான் கத்துக்கிட்டானுங்க, நன்றி கெட்டவனுங்க!"

"வெளிச்சத்த மறைக்காம நில்லு."

அவன் ஏற்கெனவே பதில் எழுதியாகிவிட்டது. பசையை வேண்டுமென்றேதான் கொட்டினானாம். கொட்டினால் சுத்தம் செய்வது எப்படி என்று இன்று மூன்று மணிக்கு நேரலையில் காட்டுவானாம். காட்டாவிட்டால் மாஸ்டர் என்ற பெயர் அதோடு போய்விடும்.

"தேறுமா நெரி? ஒரு மூலைய மட்டும் பாரு. மிச்சம் லைவுக்கு வேணும்."

அவள் தொண்ணூற்றொன்பது சதவீத ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மெல்லிய தூரிகையால் வருடினாள். கம்பிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். சாய்வோடுதான் போக வேண்டும், எதிர்த்துப் போனால் வளைந்துவிடும். சாய்வோடு போவது அவளுக்குப் பழக்கம்தான். கில்மோர் தெருக் கடையில் ஆறு வருடம் பழுது பார்த்தவள். கவுன்டருக்கு வருகிறவர்கள் அவள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "டெக்னீஷியன் இல்லையா?" என்று கேட்பார்கள். "இப்ப வந்துருவார்" என்று சொல்லிவிட்டு அவளே பிரிப்பாள்.

சாம்பல் நிறச் சேறு கரைந்து ஓரத்துக்கு வந்தது. பூதக்கண்ணாடிக்கு அடியில் முதல் வரிசை தங்க நிறமாகத் தெரிந்தது. பிறகு இரண்டாவது. ஒன்று மட்டும் வளைந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊசி முனையால் நிமிர்த்தினாள்.

நெஞ்சுக்குள் ஏதோ சின்னதாகத் துள்ளியது. இந்தத் துள்ளலை யாரிடமும் சொன்னதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. சொல்லியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்?

"தேறிடும்," என்றாள்.

ரோடெலுக்கு உயிர் வந்தது. தலை சீவினான். நெற்றியில் பவுடர் ஒற்றிக்கொண்டான். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, தன்னுடைய நீளக்கைச் சட்டை ஒன்றையும் கறுப்புக் கையுறைகளையும் கொண்டுவந்து அவள் மடியில் போட்டான்.

"சீக்கிரம் மாட்டிக்க. எப்பவும் போலத்தான். நான் பேசி முடிச்சுக் கேமராவக் கீழ இறக்கினதும் நீ கைய நீட்டு. நேத்து மட்டும் நீ வீட்ல இருந்திருந்தா எனக்கு இந்த அவமானம் வந்திருக்குமா?"

நெரிசா சட்டையை மடித்து நாற்காலியின் முதுகில் போட்டாள். கையுறைகளை அதன் மேல் வைத்தாள்.

"வேலைய செய்யறேன். இது வேண்டாம்."

"விளையாடாத நெரி. பொம்பள கைன்னு தெரிஞ்சுருமே!"

அவள் தூரிகையை ஆல்கஹாலில் நனைத்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. ரோடெல் சிரித்த முகத்தோடு பேசத் தொடங்கினான். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் முடிக்கும் முன்னுரை. இருபது நிமிடம் ஆகியும் கேமரா கீழே இறங்கவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம், வெறுங்கைகளை விளக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, அவள் காத்திருந்தாள்.